அப்பா வாணலியில் வதக்கிய ஸ்டேக்

கேள்வி: டெக்ஸாஸ் மாநிலம் பிளேனோவில் குடும்பத்துடன் வசிக்கிறேன், சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அம்மா காலமானபின் ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்த அப்பா அடுத்த மாதம் ஊருக்குத் திரும்புகிறார். அவருடைய 70-ஆவது பிறந்தநாளுக்காக ஒரு சனிக்கிழமை இரவு, நாடெங்கும் கிளைகள் உள்ள ஒரு ஸ்டேக் ஹவுஸுக்கு, அதாவது மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாகச் சுட்டுப் பரிமாறும் உணவகத்துக்கு, அழைத்துச் சென்றோம். முன்கூட்டியே போனில் பெயர் கொடுத்திருந்தும் 70 நிமிடம் காக்க வைத்தார்கள். மீடியம் (நடுத்தர வேக்காடு) கேட்ட என் ஸ்டேக் நடுவில் நல்ல சிவப்பாக வந்தது. திருப்பி அனுப்பினேன், கருகி வந்தது. உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. வெல் டன் (முழு வேக்காடு) கேட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்களே என்று அப்பாவுக்கும் நானே மீடியம் சொல்லியிருந்தேன். அது எவ்வளவு வேகாமல் வந்தது என்றால், மீதியைப் பெட்டியில் கட்டி எடுத்துவந்து, மறுநாள் காலை மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வாணலியில் வதக்கித்தான் அவர் சாப்பிட்டார். மேனேஜர் 25 டாலர் கூப்பன் கொடுத்துச் சமாளித்தார். பரிமாறிய பெண் பலமுறை மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் டிப்ஸ் வைக்காமல் வந்துவிட்டேன். தலைமை அலுவலகத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. பணத்தைத் திரும்பப் பெற என்ன வழி?

பதில்: இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஊரும் கடையும் தட்டில் இருந்த பதார்த்தமும் மாறும். விசேஷ நாளில் பெரியவர்களை அழைத்துப்போன இடத்தில் சாப்பாடு சரியில்லை, கொடுத்த காசுக்கு நியாயம் வேண்டும் என்ற முறையீடு மாறாது. ஆகையால் உங்கள் வருத்தம் புரிகிறது என்று ஆரம்பித்து நேரத்தைப் போக்க எனக்கு விருப்பமில்லை. உணவகத்தின் குற்றங்களை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், நடுவில், அந்தக் குற்றத்துக்குச் சாட்சியாக, மறுநாள் காலையில் வாணலியின் முன் நின்ற உங்கள் தந்தையைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். முதலில் அந்த வாணலியைப் பற்றிப் பேசுவோம்.

மனைவியை இழந்த எழுபது வயது மனிதர், மகன் வீட்டுச் சமையலறையில் மிளகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடி எடுத்து, ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை உருவி, தம்முடைய பிறந்தநாள் விருந்தில் தின்ன முடியாமல் போன கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தமக்குப் பழக்கமான பதம் வரும்வரை வதக்கிச் சாப்பிட்டிருக்கிறார். அதைக் கண்ணால் பார்த்தும், முந்தைய இரவு அப்பா அரை வயிற்றோடு படுத்திருப்பாரே என்று உங்களுக்குத் தோன்றவில்லை. கடைக்காரர் மீதான புகாருக்கு நல்ல ஆதாரம் கிடைத்தது என்று தோன்றியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் பக்கத்து வீடுகளில் மாட்டுக்கறி எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குக்கரில் பூப்போல வெந்து, தேங்காய்க் கொத்தும் மிளகும் சேர்ந்து, ஈரம் வற்றிக் கருஞ்சிவப்பாகச் சுருண்டு வர வேண்டும். மரச்சீனிக் கிழங்கோடு அதைத் தின்று வளர்ந்தவருக்கு, கத்தி வைத்ததும் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும் கறி வேகாத கறிதான். அவர் வாய் திறக்கும் முன்பே அவருக்கும் சேர்த்து நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

இந்த இடத்தில் அந்த உணவகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மீடியம் என்றால் இறைச்சியின் நடுப்பகுதி ஏறத்தாழ 140 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 60 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். நடுவில் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். 130 முதல் 135 வரை இருந்தால் அது மீடியம் ரேர். 160-க்குப் போனால்தான் சிவப்பு மறைந்து வெல் டன் ஆகிறது. அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டு மாட்டிறைச்சிக்குப் பாதுகாப்பு என்று சொல்லும் அளவே 145 டிகிரியும், அடுப்பிலிருந்து எடுத்தபின் மூன்று நிமிட ஓய்வும்தான். வெட்டும்போது தட்டில் கசியும் சிவப்பு நீரைப் பலர் இரத்தம் என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். அது தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். ஆக, உங்கள் தட்டில் சமையற்காரர் தவறினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தந்தையின் தட்டில் கேட்டபடியே வந்திருக்கக்கூடும். அவர் விரும்பாத ஒன்றை அவர் பெயரில் கேட்டு வாங்கியவர் நீங்கள்.

பட்டிக்காடு என்று யார் நினைப்பார்கள்? வெல் டன் கேட்டு வாங்கிச் சாப்பிடும் அமெரிக்கர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அந்தப் பெண் அன்று மாலையிலேயே அந்தச் சொல்லைப் பல மேசைகளில் கேட்டு எழுதியிருப்பார். "அப்பா, நல்லா வெந்து வரணுமா?" என்று கேட்டுவிட்டு அதை ஆங்கிலத்தில் சொல்ல உங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. உங்கள் தட்டைத் திருப்பி அனுப்பியபோதாவது பக்கத்துத் தட்டைப் பார்த்தீர்களா? மகன் செலவில் சாப்பிடும் தகப்பன்மார் குறை சொல்வதில்லை. டாலரை மனத்துக்குள் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்வார்கள். பெற்றவர்களுக்கு விருந்து வைப்பது பிள்ளையின் கடமை என்றால், அவர்கள் வயிறு நிறைந்ததா என்று பார்ப்பதும் அந்தக் கடமையில் அடக்கம். பில்லைக் கட்டியதோடு அது தீர்ந்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம்.

டிப்ஸ் விஷயத்தில் நீங்கள் செய்தது தவறு. டெக்ஸாஸில் டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி கையிலிருந்து கொடுத்தாக வேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து அந்தத் தொகை ஏறவில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால் குறையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்றாலும், அந்த வேலையில் இருப்பவர்களின் வீட்டு வாடகை மேசையில் நாம் வைக்கும் பணத்திலிருந்துதான் போகிறது. ஸ்டேக்கைக் கருக்கியது அவர் அல்ல. உங்களை வாசலில் நிறுத்தியதும் அவர் அல்ல. சமையலறைக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துப் பேச்சையும் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்ட ஒருவரிடம்தான் உங்கள் கோபத்தைத் தீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் புகாருக்கு வருகிறேன். போனில் பெயர் கொடுப்பது பல ஸ்டேக் ஹவுஸ்களில் வரிசையில் இடம் பிடிப்பது மட்டுமே, மேசையைப் பதிவு செய்வது ஆகாது. சனிக்கிழமை இரவில் அந்த 70 நிமிடத்துக்குப் பணம் கேட்டு வாதாட முடியாது. ஸ்டேக் வந்ததும், பரிமாறுபவர் நகர்வதற்குள், நடுவில் வெட்டிப் பார்த்துவிட வேண்டும். பல இடங்களில் அவர்களே அப்படிப் பார்க்கச் சொல்வார்கள். தவறாக இருந்தால் புதிய துண்டு ஒன்றைச் சுட்டுத் தரும்படி கேட்க வேண்டும். ஒருமுறை எடுத்து ஆறிய துண்டைத் திரும்பவும் நெருப்பில் போட்டால், உள்ளே வேகும்முன் வெளிப்புறம் இறுகிக் கருகிவிடும்; உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான்காவது மின்னஞ்சல் எழுதாதீர்கள். பில்லின் நகலோடு, கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில், அந்தக் கிளையின் மேனேஜரை நேரில் பாருங்கள். தேதி, நேரம், எந்தத் தட்டு, என்ன கேட்டீர்கள், எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லி, உங்கள் ஒரு ஸ்டேக்கின் விலையை மட்டும் கேளுங்கள். அப்பாவின் தட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். உங்கள் தந்தை ஊருக்குத் திரும்ப இன்னும் சில வாரங்களே இருக்கும்போது, மாலை வேளைகளை அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிக் கழிப்பது தகாது.

அதற்கு முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை அவரையும் கூட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போங்கள். எந்தத் துண்டு வேண்டும் என்று அவர் கைகாட்டட்டும். வீட்டுக்கு வந்து வெங்காயத்தை நீங்கள் உரியுங்கள், தேங்காயை உங்கள் பிள்ளைகள் கீறட்டும், அடுப்பருகே அவர் நிற்கட்டும். உங்கள் அம்மா அதில் என்ன சேர்ப்பார் என்று கேளுங்கள். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும், இடைமறிக்காமல் கேளுங்கள். மீடியம் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். அவர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், ஆனாலும் கேளுங்கள்.

அந்த 25 டாலர் கூப்பனைத் தூக்கிப் போட வேண்டாம். அவருக்கு மறுபடி போக மனமிருந்தால், கூட்டமில்லாத ஒரு வார நாளில் போய், அதே பெண் பரிமாறும் மேசையைக் கேட்டு வாங்குங்கள். அன்று வைக்காத டிப்ஸையும் இன்றைய டிப்ஸோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள். ஸ்டேக் எப்படி வேண்டும் என்று அவர் கேட்கும்போது உங்கள் தந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வெல் டன் வர இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதுவரை உங்கள் தட்டில் கத்தி வைக்காமல் அவரோடு பேசிக்கொண்டிருங்கள்.