குளிரில் அடைக்கும் பயோடீசல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பொரித்து மிஞ்சிய எண்ணெயில் வீட்டிலேயே பயோடீசல் தயாரித்து, பழைய டீசல் வேனில் கலப்பில்லாமல் ஊற்றி ஓட்டுகிறேன். குளிர் தொடங்கியதும் காலையில் ஸ்டார்ட் ஆகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: பம்பிலும் பைப்பிலும் மிச்சமிருக்கும் எரிபொருள் தீரும்வரை ஓடுகிறது, அதற்குப் பிறகு ஃபில்டரைத் தாண்டி எதுவும் வருவதில்லை. ஃபில்டரைக் கழற்றி மடிப்புகளைப் பாருங்கள். உறைந்த நெய் போல வெள்ளையாகப் படிந்து, வெதுவெதுப்பான அறைக்குள் வைத்ததும் உருகி ஓடினால் அது குளிரின் வேலை. உருகாமல் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் சோப்போ மோனோகிளிசரைடோ (முழுதாக மாறாத கொழுப்பு) மிஞ்சியிருக்கிறது, கோளாறு தயாரிப்பில். கறுப்பாக வந்தால், டேங்கில் படிந்திருந்த பழைய டீசல் கசடைப் பயோடீசல் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறது.

உறைவதற்குக் காரணம் எண்ணெயிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு. அதிலிருந்து வரும் மெத்தில் பால்மிடேட் 30 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கட்டியாகும். நிறைவுறாத கொழுப்பிலிருந்து வரும் மெத்தில் ஓலியேட் மைனஸ் 20 வரை தாங்கும். அதனால்தான் பாமாயில் பயோடீசல் 13 முதல் 16 டிகிரிக்குள் கலங்க ஆரம்பிக்கிறது, சோயா 0 டிகிரியை ஒட்டி, கனோலா (கடுகு இன எண்ணெய்) மைனஸ் 3 அளவில். பொரித்த எண்ணெயில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு தடவை வாங்கியது மறுதடவை வாங்கியதுபோல இருக்காது.

வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைப் போட்டு அறுக்காதீர்கள். பேட்டரி போகும், பம்ப் உலர்ந்து தேயும். ஃபில்டரின் வெளிப்புறத்தில் வெந்நீர் ஊற்றுங்கள், அல்லது புது ஃபில்டரில் சுத்த டீசல் நிரப்பி மாட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். டேங்குக்கு அடியில் நெருப்பு வைத்துச் சூடாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கேள்வி: என் பயோடீசல் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா?

பதில்: கண்டிப்பாக. 200 மில்லி பயோடீசலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, உள்ளே தெர்மாமீட்டரை வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அவ்வப்போது எடுத்து, ஜாடிக்குப் பின்னால் அச்சிட்ட தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் வெப்பநிலைதான் கலங்கு நிலை. அதற்கும் கீழே பார்க்க, நொறுக்கிய ஐஸ் 3 பங்கும் உப்பு 1 பங்கும் கலந்த வாளிக்குள் ஜாடியை இறக்குங்கள். ஃபில்டர் அடைப்பது பெரும்பாலும் இன்னும் சில டிகிரி கீழே இறங்கியபின்தான். ஆனாலும் கலங்கு நிலையையே உங்கள் எல்லையாக வையுங்கள். கேனின் மேல் அந்த டிகிரியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொரு ஜாடியை இரவு முழுக்கக் குளிரில் விட்டுப் பாருங்கள். கலங்கு நிலைக்கு மேலேயே அடியில் வெண்மையாக ஏதாவது தங்கினால் எண்ணெயைப் பயோடீசலாக மாற்றும் வினை முழுமையாகவில்லை என்று சந்தேகிக்கலாம். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டு, 20 டிகிரி சூட்டில் நன்றாகக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய்த் துளி நின்றால் மறுபடி வினைப்படுத்த வேண்டும். துளி இல்லாவிட்டாலும் மோனோகிளிசரைடு இருக்கலாம். இந்தச் சோதனை அதைக் காட்டாது. தண்ணீரையும் மறக்காதீர்கள்: சாதா டீசலைவிடப் பயோடீசல் பல மடங்கு ஈரம் பிடித்துவைக்கும், 0 டிகிரிக்குக் கீழே அந்த ஈரம் ஃபில்டரில் பனிக்கட்டியாகும்.

கேள்வி: டீசலோடு எவ்வளவு கலக்கலாம்? ஆன்டி-ஜெல் (எரிபொருள் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊற்றினால் போதாதா?

பதில்: 100 லிட்டரில் 20 லிட்டர் பயோடீசலிலிருந்து தொடங்குங்கள், மீதி குளிர்கால டீசல். அந்தக் கலவைக்கும் ஜாடிச் சோதனை உண்டு. முதலில் டீசல், அதன்மேல் பயோடீசல். பயோடீசல் கனமானது என்பதால் இறங்கும்போதே கலந்துகொள்ளும். ஊற்றும்போது பயோடீசல் அதன் கலங்கு நிலையைவிட 6 டிகிரியாவது சூடாக இருக்கட்டும். சில்லென்ற டேங்கில் சில்லென்ற பயோடீசலை ஊற்றினால் துகள்கள் அங்கேயே பிறந்துவிடும், லேசில் கரையாது.

ஆன்டி-ஜெல் மருந்துகளில் பல பெட்ரோலிய டீசலின் மெழுகுக்காகச் செய்தவை, சுத்தப் பயோடீசலில் அவ்வளவாக வேலை செய்யாது. மருந்து விட்ட ஜாடியும் விடாத ஜாடியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் காசு செலவழியுங்கள். கலங்கியபின் ஊற்றுவது வீண். பெட்ரோல் சேர்க்கவே கூடாது: எளிதில் தீப்பிடிக்கும், பம்புக்கு வழுவழுப்பும் போய்விடும்.

கேள்வி: கலக்காமல் 100 சதவீதமாகவே ஓட்ட வழி?

பதில்: இரட்டை டேங்க். சிறிய டேங்கில் டீசல், பெரியதில் பயோடீசல். பெரிய டேங்கின் உறிஞ்சு குழாயையும் ஃபில்டரையும் ரேடியேட்டர் வெந்நீரால் சூடாக்க வேண்டும். டீசலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடேறியபின் வால்வை மாற்றுங்கள். நிறுத்துவதற்கு 5 நிமிடம் முன்பே டீசலுக்குத் திரும்பிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மறுநாள் காலை பம்பு முழுக்கக் கட்டி.

கேள்வி: புது காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் எரிபொருள் பீய்ச்சும்) காரில், டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ளதில் செய்யலாமா?

பதில்: வேண்டாம். டிபிஎஃப்பைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாகப் பீய்ச்சும் எரிபொருளில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இன்ஜின் ஆயிலில் இறங்குகிறது. டீசலாவது பெரும்பாலும் ஆவியாகிப் போகும். பயோடீசல் ஆயிலிலேயே தங்கி அதை நீர்க்கச் செய்துவிடும்.