27 அதிரசம், 6 பிள்ளைகள்: மீதி வரும் வகுத்தலில் எப்படிச் சமமாகப் பங்கிடுவது?

ஆளுக்கு எத்தனை கிடைக்கும் என்பது ஈவு. இன்னொரு சுற்று கொடுக்கப் போதாமல் தட்டில் நிற்பது மீதி. ஈதல் என்றால் கொடுத்தல். ஈவு என்ற சொல்லே கொடுப்பதிலிருந்து வந்ததுதான், அதை நினைவில் வைத்தால் குழப்பமே வராது.

பந்தியில் பரிமாறுவதைப் பாருங்கள். ஆறு இலைக்கும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகிறோம். ஒரு சுற்றுக்கு 6 அதிரசம் குறைகிறது. நான்கு சுற்றில் 24 போய்விடும், தட்டில் 3 இருக்கும். ஐந்தாவது சுற்றைத் தொடங்கினால் மூன்று பேருக்குத்தான் வரும், மற்ற மூவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அங்கே நிறுத்துகிறோம். ஈவு 4, மீதி 3. மீதி எப்போதும் ஆட்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்: தட்டில் 6 இருந்தால் இன்னொரு சுற்று வரும்.

சரி பார்க்க, 6 × 4 + 3 = 27.

அப்புறம் அந்த மூன்றை என்ன செய்வது? அதைக் கணக்கு சொல்லாது, பொருள்தான் சொல்லும். அதிரசத்தைப் பாதியாகப் பிட்டால் 6 பாதி. ஆளுக்கு நாலரை, ஒருவருக்கும் குறையில்லை. கோலிக்குண்டைப் பிட முடியாது. அதைப் பொதுவில் வைத்து விளையாடச் சொல்வதே என் வழக்கம். மூத்தவனுக்கு என்று கொடுத்தால் சின்னவனுக்கு மனசு வாடிவிடும்.

கால்குலேட்டரில் 4.5 என்று வந்தால் மீதி 5 என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அந்த 0.5 ஒருவருடைய பங்கு, அதை 6 ஆல் பெருக்கினால்தான் மீதி 3 கிடைக்கும்.