குழந்தைக்குச் சளி: படத்தைப் பார்க்காதீர்கள், பாட்டிலைத் திருப்புங்கள்

கேள்வி: என் மகனுக்கு 5 மாதம். மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது, ராத்திரியில் அடைத்துக்கொள்கிறது. பாலைப் பாதியில் விட்டுவிட்டு அழுகிறான். காய்ச்சல் இல்லை. மருந்துக் கடையில் "கைக்குழந்தைக்குச் சளி" என்றதும் ஒரு சிரப், ஒரு மூக்குச் சொட்டு மருந்து, நெஞ்சில் தடவும் தைலம் என்று மூன்றை எடுத்து வைத்தார்கள். வாங்கி வந்துவிட்டேன், கொடுக்கத்தான் பயமாக இருக்கிறது. எதைப் பயன்படுத்தலாம், எதைத் திருப்பிக் கொடுக்கலாம்?

பதில்: பயந்தது நல்லதாகப் போயிற்று. மூன்றில் இரண்டு உங்கள் மகனுக்கு ஆகாது. மூன்றாவதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

முதலில் சிரப். முன்பக்கத்தில் சிரிக்கிற குழந்தையின் படம் இருக்கும், அதை விடுங்கள். பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இவற்றில் ஒன்றிருந்தாலும் மூடியைத் திறக்க வேண்டாம். இவை சளியைக் குணப்படுத்துவதில்லை. பெரியவர்களுக்கு மூக்கொழுகலையோ இருமலையோ கொஞ்சம் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். கைக்குழந்தைகளுக்கு அந்தப் பலனும் நிரூபணமாகவில்லை. ஆனால் அளவு கடந்த தூக்கம், இதயப் படபடப்பு, வலிப்பு, மூச்சு மந்தமாவது போன்ற ஆபத்துகள் மட்டும் உண்டு. 2 வயதுக்குக் கீழே இவ்வகை மருந்துகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் அறிவித்தது. அதே ஆண்டில் அங்குள்ள தயாரிப்பாளர்களே 4 வயதுக்குக் கீழே கூடாது என்று லேபிளை மாற்றிக்கொண்டார்கள். விற்கிறவனே வேண்டாம் என்று அச்சடித்த பிறகு நாம் யோசிக்க என்ன இருக்கிறது? 'இயற்கை', 'மூலிகை' என்று எழுதிய சிரப்பும் இந்தச் சோதனையிலிருந்து தப்பாது. உட்பொருளும் வயதும் தெளிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள். தேன் கலந்திருந்தால் 1 வயது நிரம்பும்வரை கூடவே கூடாது. பொட்டுலிசம் என்ற கடுமையான நோய்க்கு அது காரணமாகலாம்.

அடுத்து தைலம். கற்பூரம், மெந்தால் சேர்ந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 2 வயதுக்குள் நெஞ்சிலும் வேண்டாம், பாதத்திலும் வேண்டாம், மூக்கருகில் வேண்டவே வேண்டாம். தடவிய இடத்தைக் கையால் தேய்த்து அந்தக் கையை வாயில் வைப்பதுதானே குழந்தையின் வேலை? கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரக்கூடும். சட்டையில் ஒட்டும் பட்டை, உருட்டித் தடவும் குப்பி என்று வேறு வேஷத்தில் வந்தாலும் சரக்கு அதேதான்.

இனி சொட்டு மருந்து. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி உள்ள இரண்டு பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் 'சோடியம் குளோரைடு 0.65%' அல்லது '0.9%' என்று இருக்கும், அது வெறும் உப்புநீர், தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்றதில் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் இருக்கும். அது ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து, மருத்துவர் சொல்லாமல் கைக்குழந்தைக்கு விடக் கூடாது. சீல் உடைக்காதவற்றை ரசீதோடு எடுத்துக்கொண்டு இன்றே போய்க் கேளுங்கள். மாற்றித் தர மறுத்தாலும் காசு போனதே என்று கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகன் பாலை விடுவது பசியில்லாமல் அல்ல. இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கும் அடைத்து, வாயிலும் பால் இருந்தால் என்ன செய்வான்? பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் 2 சொட்டு உப்புநீர் விடுங்கள். ஒரு நிமிஷம் இளகட்டும். பிறகு சளி உறிஞ்சும் ரப்பர் பல்பை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, நுனியைத் துவாரத்தின் வாயில் மட்டும் வைத்து, மெல்ல விடுங்கள். உள்ளே வைத்த பிறகு அமுக்கினால் காற்று உள்ளே அடிக்கும், சளியும் பின்னால் போகும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் உறிஞ்ச வேண்டாம், மூக்கின் உள்தோல் வீங்கி அடைப்பு கூடிவிடும்.

பல்பு வாங்கும்போது இரண்டாகப் பிரித்துக் கழுவக்கூடியதாகப் பாருங்கள். பிரிக்க முடியாத பல்பைச் சில வாரம் கழித்து வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை படிந்திருக்கலாம். பேட்டரியில் ஓடுவது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். சத்தத்துக்கே குழந்தை அழும், அழுதால் சளி இன்னும் கூடும்.

கேள்வி: அறையில் ஈரப்பதம் கூட்டும் கருவி வாங்கலாமா? தலையை உயர்த்தி வைக்கும் சாய்வுத் தலையணை?

பதில்: கருவி வாங்கலாம், ஆனால் கட்டாயமில்லை. வாங்கினால் குளிர்ந்த புகைபோல் ஈரம் விடுவதை வாங்குங்கள். வெந்நீராவி விடுவது சாய்ந்தால் சுட்டுவிடும். தினமும் தண்ணீரைக் கொட்டிக் கழுவிக் காயவைக்கத் தயாராக இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தேங்கிய நீரில் வளர்வதைத்தான் அது காற்றில் பரப்பும். தலையணை வேண்டவே வேண்டாம். தூக்கத்தில் தலை மடங்கி மூச்சுக்குழல் நெரிபடலாம். சளி இருந்தாலும் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கத்தான்.

கேள்வி: காய்ச்சல் வந்தால் மூத்தவளுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப் வீட்டில் இருக்கிறது. குறைத்துக் கொடுக்கலாமா?

பதில்: 'குறைத்து' என்பது கணக்கு இல்லை. எடைக்குத்தான் அளவு: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. குழந்தை 6 கிலோ என்றால் 60 முதல் 90 மி.கி. இப்போது பாட்டிலைப் பாருங்கள். குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கலாம். சிரப்பில் 5 மில்லியில் 120 மி.கி. இருக்கலாம், 250-ம் இருக்கலாம். 120 என்று எழுதிய சிரப்பில் 2.5 மில்லி கொடுத்தால் 60 மி.கி. அதே 2.5 மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்தால் 250 மி.கி., அதாவது நான்கு மடங்கு! அதனால் மருத்துவரிடம் அளவு கேட்கும்போது பாட்டிலின் செறிவையும் வாசித்துக் காட்டுங்கள். அளவை ஊசியில்லா சிரிஞ்சில் எடுங்கள், சமையலறை ஸ்பூனில் அல்ல. திறந்து வெகு நாளான பாட்டிலைக் கழித்துவிடுங்கள். காய்ச்சல் இல்லாத சளிக்கு பாராசிட்டமால் தேவையில்லை. ஆஸ்பிரின் ஒருபோதும் கூடாது.

3 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே மருந்து தேடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் மகனைப் பொறுத்தவரை, தூங்கும்போது சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிஷம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 50-ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலோ, அது ராத்திரி 2 மணியானாலும் கிளம்பிவிடுங்கள்.