ரெவிட்டில் பிளம்பிங் ஃபிக்ஸ்சர் ஷெட்யூலின் அடியில் ஏன் கூட்டுத்தொகை வருவதில்லை?

ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில், மாடலிலுள்ள பொருள்களைப் பட்டியலிடும் அட்டவணைதான் ஷெட்யூல். நீங்கள் கேட்டிருக்கும் இந்தச் சிக்கல் எனக்கு நன்றாகத் தெரியும். கழிப்பறைக் கோப்பைகளுக்கும் வாஷ் பேசின்களுக்கும் ஷெட்யூல் போட்டு, 'கிராண்ட் டோட்டல்ஸ்' பெட்டியில் டிக் செய்த பிறகும், அடிவரியின் இடது ஓரத்தில் மொத்த எண்ணிக்கை மட்டுமே வருகிறது; ஒவ்வொரு ஃபிக்ஸ்சரின் குளிர்நீர்த் தேவையை அலகாகக் காட்டும் சிடபிள்யூஎஃப்யூ நெடுவரிசையின் கீழே வெற்றிடமே நிற்கிறது.

இதற்குக் காரணம், ரெவிட் கூட்டுத்தொகையை இரண்டு இடங்களில் பிரித்து வைத்திருப்பதுதான். 'சார்ட்டிங்/குரூப்பிங்' பக்கத்தில் நீங்கள் போடும் டிக், மொத்தத்திற்கான அடிவரியை உருவாக்குவதோடு நின்றுவிடும். அந்த வரியில் எந்த நெடுவரிசை நிரம்ப வேண்டும் என்பதை 'ஃபார்மாட்டிங்' பக்கத்தில் தேவையான ஒவ்வொரு ஃபீல்டையும் (அதாவது நெடுவரிசையையும்) தேர்ந்தெடுத்து, 'கால்குலேட் டோட்டல்ஸ்' என்று தனித்தனியே அமைக்க வேண்டும். பழைய பதிப்புகளில் இது ஒரு டிக் பெட்டியாக இருந்தது, இப்போது கீழ்விரி பட்டியலில் இருக்கிறது. எண்ணிக்கையைக் காட்டும் 'கவுண்ட்' ஃபீல்டுக்கும் இதே விதிதான்.

இதைச் செய்தவுடன் அடுத்த சிக்கல் எழும், பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொரு பொருளையும் தனி வரியில் காட்டும் 'ஐட்டமைஸ் எவ்ரி இன்ஸ்டன்ஸ்' டிக்கை எடுத்துவிட்டு, டைப் மார்க் (ஒவ்வொரு வகைக்குமான குறியீடு) வாரியாக அடுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் 2.2 அலகு; 30 பேசின்கள், ஒவ்வொன்றுக்கும் 0.5 அலகு. கூட்டலை இயக்காதவரை வரிகளில் 2.2, 0.5 என்ற ஒற்றை மதிப்புகள் தெரியும், அடியில் ஒன்றும் இராது. இயக்கினால் வரிகள் 52.8, 15 என்று மாறி, அடியில் 67.8 வரும், ஆனால் ஒரு கோப்பைக்கு எத்தனை அலகு என்ற தகவல் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும். சரிபார்ப்பவருக்கு இரண்டும் தேவை, ஒரே ஃபீல்டை இரண்டு முறை சேர்க்கவோ ரெவிட் அனுமதிப்பதில்லை.

கவுண்ட்டால் பெருக்கிவிடலாமே என்று தோன்றும். நானும் முதலில் அரை நாள் அதில்தான் செலவழித்தேன். 'கால்குலேட்டட் வேல்யூ' எனும் கணக்கிட்ட மதிப்புக்கான சூத்திரத்தில் கவுண்ட் ஃபீல்டைப் பயன்படுத்த முடியாது. அதற்குப் பதிலாக, 'மொத்த அலகு' போன்ற வேறு பெயரில் 'கால்குலேட்டட் வேல்யூ' ஒன்றை உருவாக்கி, வகையை 'நம்பர்' என்று வைத்து, சூத்திரமாக சிடபிள்யூஎஃப்யூ என்ற ஃபீல்டின் பெயரை மட்டும் கொடுங்கள். கூட்டலை இந்தப் புதிய நெடுவரிசைக்கு மட்டும் இயக்கினால், ஒற்றை மதிப்பும் மொத்தமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

தளவாரியாக நெடுவரிசைகள் வேண்டுமென்றாலும் இதே வழிதான். ஃபிக்ஸ்சர்களுக்கு முழு எண் வகையில் 'தளஎண்' என்ற புராஜெக்ட் பாராமீட்டரை (நாமே சேர்க்கும் தகவல் புலத்தை) இன்ஸ்டன்ஸ் அளவில், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகச் சேர்த்து நிரப்பிவிட்டு, ஒவ்வொரு தளத்துக்கும் "இஃப்(தளஎண் = 1, 1, 0)" என்ற பாங்கில் ஒரு கணக்கிட்ட மதிப்பை வைத்து, அதற்குக் கூட்டலை இயக்க வேண்டும்; சூத்திரத்தில் 'இஃப்' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். எண்ணை நிரப்புவது சலிப்பான வேலைதான், ஆனால் எக்செலுக்கு எடுத்துச் சென்று கையால் கூட்டுவதைவிட மேல். ஒருமுறை நான் அப்படிக் கூட்டி அனுப்பிய பிறகு வரைபடத்தில் இரண்டு கழிப்பறைகள் நீக்கப்பட்டன. என் எக்செல் தாளில் அவை கடைசிவரை இருந்தன.

'கால்குலேட் டோட்டல்ஸ்' தேர்வே கிடைக்காவிட்டால், அந்தப் பாராமீட்டர் 'டெக்ஸ்ட்' வகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் இறக்கும் ஃபேமிலிகள் (ஆயத்தப் பொருள் கோப்புகள்) சிலவற்றில் நீரோட்ட அளவை எழுத்தாகவே தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். எழுத்தைக் கூட்ட முடியாது. ஃபீல்டே பட்டியலில் இல்லையென்றால், அது பல கோப்புகளுக்கும் பொதுவான ஷேர்டு பாராமீட்டராக இல்லாமல் ஃபேமிலிக்குள் மட்டுமே வாழும் பாராமீட்டராக இருக்கும்.

மொத்தம் வந்த பிறகும் உடனே நம்பிவிட வேண்டாம். எந்தக் கட்டுமானக் கட்டத்துப் பொருள்களைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் ஃபேஸ் ஃபில்டர் ஷெட்யூலுக்கும் உண்டு. அது 'ஷோ கம்ப்ளீட்' என்று இல்லாமல் 'ஷோ ஆல்' என்றிருந்தால், இடிக்கப்படவுள்ள ஃபிக்ஸ்சர்களும் எண்ணப்பட்டுவிடும். வேறொரு ஃபேமிலிக்குள் பொதிந்த ஃபிக்ஸ்சர், 'ஷேர்டு' என்று குறிக்கப்படாவிட்டால் எண்ணிக்கைக்கே வராது. கட்டடக் கலைஞரின் மாடல் லிங்க்காக (உங்கள் கோப்புடன் இணைத்த தனிக் கோப்பாக) இருந்தால், 'ஃபீல்ட்ஸ்' பக்கத்தில் 'இன்க்ளூட் எலிமென்ட்ஸ் இன் லிங்க்ஸ்' என்ற பெட்டியைக் கவனியுங்கள். அவருடைய கோப்பைகளை 'காப்பி/மானிட்டர்' வழியாக உங்கள் மாடலுக்குள் ஏற்கெனவே கொண்டுவந்திருந்தால், அந்தப் பெட்டியில் டிக் இருக்கும்வரை 24 கோப்பைகள் 48 என்றே வரும். அப்போது டிக்கை எடுத்துவிடுங்கள்.