கேள்வி மேடை: வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்

மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரை வாரம் இருமுறை சேர்த்து உட்காரவைக்கிறோம். வயது 6 முதல் 12 வரை. பெரியவர்களே எல்லாப் பதிலையும் சொல்லிவிடுகிறார்கள், சின்னவர்கள் வாயே திறப்பதில்லை. இரண்டாகப் பிரித்துவிடலாமா?
– வாசகி, திருவண்ணாமலை

பிரிக்க வேண்டாம். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று சின்னவர் கையில் இருந்தால் போதும்.

ஏழெட்டுப் பொருள் மட்டும் உள்ள படம் ஒன்றை 6 வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். 12 வயதுப் பிள்ளைக்கு வெற்றுத்தாளும் பென்சிலும். இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரட்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் எட்டிப் பார்த்துவிடுவார்கள். பெரியவர் கேள்வி கேட்டுக் கேட்டே அந்தப் படத்தை வரைய வேண்டும். சின்னவருக்கு ‘எஸ்’, ‘நோ’, எண்கள், ‘ஆன்’, ‘அண்டர்’ தெரிந்தால் போதும்.

விளையாட்டின் உயிர் ஒரு விதியில் இருக்கிறது: கேள்வி ‘இஸ்’ அல்லது ‘ஆர்’ என்று தொடங்கினால்தான் பதில். ‘நாய் இருக்கா?’ என்பது நம் வாய்ப்பழக்கம். அதனால்தான் ‘டாக் இஸ் தேர்?’ என்று வருகிறது. ‘இஸ் தேர் அ டாக்?’ என்று வரும்வரை சின்னவர் கம்மென்று இருப்பார். நீதிபதி வேலை கிடைத்த குழந்தை எவ்வளவு கூர்ந்து கேட்கும் என்று பாருங்கள்! 15 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். ஐந்தாவது பிள்ளை ஏதாவது ஒரு ஜோடியோடு சேர்ந்து பதில்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

பிறகு அதே படத்தைப் பற்றிப் பெரியவர்கள் ஐந்து வாக்கியம், சின்னவர்கள் மூன்று பெயர்ச்சொல் எழுதட்டும். திருத்தும்போது வாரம் ஒரே வகைப் பிழைதான். தாள் முழுக்கச் சிவப்பாகிவிட்டால் அடுத்த முறை இரண்டே வாக்கியம்தான் வரும்.

7 வயது மகன் தெரிந்த சொற்களை வாசிக்கிறான், புதுச்சொல் வந்தால் விழிக்கிறான். ‘பிக்’ என்பதை ‘பிக்கு’ என்கிறான்.
– வாசகர், கோவை

அவன் வாசிக்கவில்லை, சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்திருக்கிறான். ‘சி-ஏ-டி கேட்’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் பழகியதால் வருவது இது. பெயரை ஒதுக்கிவிட்டு ஒலியைக் கொடுங்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்தில் தொடங்கினால் ‘ஸிட்’ (sit), ‘டின்’ (tin), ‘டாப்’ (tap) என மூன்றெழுத்துச் சொற்கள் நிறையக் கிடைக்கும். எழுத்துக்கு ஓர் அட்டை வெட்டி, விரலை இடமிருந்து வலம் இழுத்தபடி ஒலிகளை ஒட்டிச் சொல்லச் செய்யுங்கள்.

வீடுகளில் வழக்கமாக நடக்கும் தவறு, ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழில் உச்சரிப்பு எழுதுவது. குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’ என்றாகிவிடும். வாய்க்கு முன்னால் நாலு விரல் தள்ளி மெல்லிய தாள் நறுக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். குண்டூசிக்குத் தாள் துள்ளும், குப்பைத்தொட்டிக்கு அசையாது.

‘பிக்கு’வுக்குக் காரணம், தமிழ்ச் சொல் ‘க்’கில் முடிவதில்லை என்பது. முதலில் ‘டாப்’ போல உதடு மூடி முடியும் சொற்களில் பழக்குங்கள்: கடைசியில் உதட்டை மூடி, ஒன்று எண்ணும்வரை திறக்கக் கூடாது. அது படிந்தபின் ‘பிக்’.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வை எப்படி எழுதுவது?
– வாசகி, மதுரை

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்ஐஓஎஸ்) பதியலாம். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தின் பாட எண் 202. தேர்ச்சிக்கு 33 சதவீதம். பள்ளிச் சான்றிதழ் இல்லையென்றால், இந்தப் படிப்புக்குப் போதிய அளவு படித்திருக்கிறேன் என்று மாணவரே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி உண்டு. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை. வீட்டில் செய்து அனுப்பும் ஒப்படைப்புக்கும் மதிப்பெண் இருக்கிறது, அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.