காணொளிக் கோப்பு மாற்றம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கைபேசியில் எடுத்த எம்பி4 கோப்பை மாற்ற முயன்றால் ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்ற பிழை வருகிறது. வேறு மென்பொருளை முயலலாமா?

பதில்: பயனில்லை. எந்தப் பிரேம் (காணொளியின் தனித்தனிப் படம்) கோப்பின் எந்த இடத்தில் உள்ளது என்ற அட்டவணையே மூவ் பகுதி. பெரும்பாலான கருவிகள் அதைப் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. பேட்டரி தீர்ந்து பதிவு பாதியில் நின்றிருந்தால் அட்டவணை எழுதப்பட்டிருக்காது. நகலெடுக்கும்போது கோப்பு அறுபட்டதா என்பதை முதலில் பாருங்கள். மெமரி கார்டில் முழுக் கோப்பு இருந்தால் மீண்டும் நகலெடுத்தாலே போதும். இல்லையெனில், அதே கைபேசியில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொண்டு பழுதுபார்க்கும் ‘அன்ட்ரங்க்’ மென்பொருளை முயலலாம். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: ‘ஹைட் நாட் டிவிசிபிள் பை 2’ என்றால் என்ன?

பதில்: படத்தின் உயரம் ஒற்றைப்படையில் உள்ளது. இரண்டுக்கு இரண்டு பிக்சல்களுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வைக்கும் வழக்கமான 4:2:0 நிற அமைப்புக்கு அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒரு பிக்சலை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: எம்கேவி படம் ஒன்றை எம்பி4 ஆக்க மூன்று மணி நேரம் ஆனது, தரமும் குறைந்துவிட்டது. பழைய கோப்பை அழித்துவிட்டேன். தரத்தை மீட்க முடியுமா?

பதில்: முடியாது. மூலக் கோப்பை அழிக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது இதற்காகத்தான். எம்கேவி, எம்பி4 ஆகியவை படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் கொள்கலன்கள் மட்டுமே. படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கோடெக்கும் (சுருக்கும் முறை) அதன் பிட்ரேட்டும் (நொடிக்கு எத்தனை பிட்). உள்ளே எம்பி4 ஏற்கும் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்திருந்தால், எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ‘காப்பி’ கட்டளையைக் கொடுத்து, ஒரு பிட் கூட மாறாமல், ஓரிரு நிமிடங்களில் எம்பி4 கொள்கலனுக்கு மாற்றியிருக்கலாம். ஒலி மட்டும் தொலைக்காட்சிக்கு ஒவ்வாத டிடிஎஸ் ஆக இருந்தால் ஒலியை மட்டும் மாற்றிப் படத்தை அப்படியே விட வேண்டும். ஹேண்ட்பிரேக் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது படத்தை எப்போதும் மறுகுறியாக்கம் செய்யும் (விரித்து மீண்டும் சுருக்கும்) என்பதால் இந்த வேலைக்கு உரியதன்று. ஒவ்வொரு மறுகுறியாக்கத்திலும் நுண்விவரம் கொஞ்சம் போகிறது. போனது பிட்ரேட்டை எவ்வளவு கூட்டினாலும் திரும்பாது. மறுகுறியாக்கம் உண்மையிலேயே தேவைப்பட்டால், எச்.264 ஆக்கும் எக்ஸ்264 குறியாக்கியின் இயல்பான சிஆர்எஃப் (எண் குறையக் குறையத் தரம் கூடும் அளவுகோல்) அளவான 23ஐ 18 வரை குறையுங்கள். கோப்பு பெரிதாகும், இழப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. மாற்றத் தொடங்குமுன் விஎல்சியிலோ மீடியாஇன்ஃபோவிலோ கோடெக் விவரத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் மணிக்கணக்கில் கணினியை ஓட்டிவிட்டு எழுதும் கடிதங்கள் வருத்தம் தருகின்றன, ஏனெனில் அவற்றில் பல, மறுபடி எடுக்க முடியாத குடும்பக் காணொளிகளைப் பற்றியவை.

கேள்வி: மாற்றும்போது எரர் வருகிறது. என்ன செய்வது?

பதில்: எந்த மென்பொருள், எந்தக் கோப்பு, என்ன பிழை? மூன்றும் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்ல இயலாது. மென்பொருள் எழுதும் பதிவேட்டின் (லாக்) கடைசிப் பத்து வரிகளை அனுப்புங்கள்.

கேள்வி: கைபேசிக் காணொளியை எடிட் செய்தால் போகப்போக ஒலி விலகுகிறது.

பதில்: கைபேசிகள் பிரேம் வேகத்தை ஒளிக்கேற்பவும் சுமைக்கேற்பவும் மாற்றிக்கொள்வதால் வரும் சிக்கல் இது. ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்’ தேர்ந்து, நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகு எடிட் செய்யுங்கள். விலகல் தொடக்கம் முதல் ஒரே அளவில் இருந்தால் காரணம் வேறு. ஒலியை நகர்த்தினாலே சரியாகும்.

கேள்வி: பென்டிரைவில் சேமிக்கும்போது 4 ஜிபியில் நின்றுவிடுகிறது.

பதில்: பென்டிரைவ் ஃபேட்32 அமைப்பில் உள்ளது; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், அதற்குமுன் உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொள்ளுங்கள், ஃபார்மட் செய்தால் அனைத்தும் அழியும்.

கேள்வி: திருமண விசிடியின் டேட் (.dat) கோப்புக்கு எம்பி4 என்று பெயர் மாற்றினேன், தொலைக்காட்சி ஏற்கவில்லை.

பதில்: பெயரை மாற்றினால் உள்ளடக்கம் மாறாது. உள்ளே இருப்பது எம்பெக்-1; பால் (PAL) தொலைக்காட்சி முறை விசிடியில் 352க்கு 288 பிக்சல். எச்.264க்கு மாற்றுங்கள், அளவை அப்படியே வையுங்கள். 1080க்குப் பெரிதாக்கினால் கோப்பு வீங்கும், முகங்கள் தெளியா. வட்டு பழையதானால் படிக்க முடியாமல் போகலாம். ஆகவே டேட் கோப்பை இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.