வாசகர் கேள்வி: லேப்ரடாரா, கோல்டன் ரெட்ரீவரா?

கேள்வி: எங்கள் வீடு திருச்சியில், முன்புறம் சிறிய முற்றத்துடன் கூடிய தனி வீடு. நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். எழுபது வயதைத் தாண்டிய, மூட்டுவலியுள்ள மாமியார் பகல் முழுவதும் வீட்டில் இருப்பார். பிள்ளைகள் கோல்டன் ரெட்ரீவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு லேப்ரடார்தான் ஒத்துவரும் என்கிறார் கணவர். எனக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. எதை வாங்குவது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை வைத்துப் பார்த்தால், லேப்ரடார், அதிலும் பெண் குட்டி என்பதே என் பதில். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல; நம் ஊர் வெயில் இரண்டு இனத்துக்குமே ஒத்துவராது.

இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை. வேட்டைக்காரர்கள் சுட்டு வீழ்த்திய பறவையைப் பல் பதியாமல் கவ்விக் கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே பிரிட்டனில் உருவாக்கப்பட்ட இனங்கள் இவை. லேப்ரடாரின் முன்னோர் நியூஃபவுண்ட்லாந்து தீவின் மீனவர்களோடு கடல்நீரில் இறங்கி வேலை செய்த நாய்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை கப்பலேறி இங்கிலாந்து வந்தன. கோல்டன், ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ட்வீட்மவுத் பிரபு வளர்த்த மஞ்சள் நிற ரெட்ரீவர் ஒன்றுக்கும் ட்வீட் நீர் ஸ்பேனியல் என்ற, இன்று அழிந்துபோன இனத்தின் பெண் நாய்க்கும் 1868இல் பிறந்த குட்டிகளின் வழியில் வந்தது. தண்ணீரைக் கண்டால் இறங்குவதும், கையில் கிடைக்கும் செருப்பு, துண்டு, ரிமோட் எல்லாவற்றையும் வாயில் கவ்விக்கொண்டு திரிவதும், வருகிறவர் யாராக இருந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய் நிற்பதும் அந்தப் பிறப்பிலிருந்து வந்த குணங்கள்தான். காவலும் வேண்டும் என்ற எண்ணம் உங்கள் மனத்தில் எங்காவது இருந்தால், இரண்டையும் விட்டுவிட்டு வேறு இனத்தைப் பாருங்கள்.

குணத்தில் உள்ள வேறுபாட்டைப் பலரும் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். கோல்டன் சற்று மென்மையானது, குரலை உயர்த்தினாலே சுருங்கிவிடும். லேப்ரடார் கொஞ்சம் முரட்டு விளையாட்டுக்காரன், இரண்டு மூன்று வயது வரை அந்தத் துள்ளல் அடங்காது. என்றாலும் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு இடையிலேயே இதைவிடப் பெரிய வேறுபாட்டைப் பார்க்கலாம். அன்றாடம் உங்களுக்கு வேலை வைக்கப்போவது குணமல்ல. ஒன்றில் முடி, மற்றொன்றில் பசி.

முதலில் முடி. இரண்டு நாய்களுக்கும் மேல்முடிக்கு அடியில் பஞ்சுபோன்ற அடிமுடி உண்டு, இரண்டும் ஆண்டு முழுவதும் கொட்டும். ஆகவே முடி கொட்டாத நாய் என்று யாராவது சொல்லி இவற்றில் ஒன்றை விற்றால் நம்ப வேண்டாம். லேப்ரடாரின் முடி குட்டையாக, ஊசிபோல் விழும். வாரத்துக்கு இரண்டு முறை ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போதும். கோல்டனின் முடியோ நீளமானது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், பின்தொடையில் தொங்கும் முடியில், வாலின் அடியில் இரண்டு நாள் சீப்பு படாமல் போனால் சிக்கு விழும். சிக்கு இறுகினால் அதன் அடியில் காற்றுப் புகாது. மழைக்காலத்தில் அங்கே ஈரம் தங்கித் தோல் சிவந்து புண்ணாகும். அதைவிட முக்கியமானது உண்ணி. நம் ஊரில் நாய்களைக் கொல்லும் நோய்களில் உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. எர்லிக்கியா, பபீசியா போன்ற கிருமிகள் உண்ணிக் கடியின் வழியாகவே இரத்தத்தில் ஏறுகின்றன. லேப்ரடாரின் உடம்பில் மாலையில் ஒருமுறை விரல்களை எதிர்முடியாக ஓட்டினால் மிளகளவு உண்ணியும் தட்டுப்படும். கோல்டனில் அதைக் கண்டுபிடிக்க, விரலிடுக்கு, காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி என்று முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், தினமும் இருபது நிமிடம் சீப்போடு உட்காரப்போவது யார் என்ற கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வந்தால் கோல்டன் வாங்கலாம். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது பதிலாகாது.

அடுத்தது பசி, இங்கே லேப்ரடார்தான் தொல்லை. உலகிலேயே தனக்குத்தான் யாரும் சோறு போடவில்லை என்ற முகத்தோடு அது பார்ப்பதில் நடிப்பு குறைவு, மரபணுவின் பங்கு அதிகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்குப் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருக்கிறது. பசி அடங்கிவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அதனால் சரியாகப் போவதில்லை. அதே குழுவினர் 2024இல், இந்தக் குறையுள்ள நாய்கள் ஓய்வாக இருக்கும்போது எரிக்கும் சக்தியும் சுமார் கால் பங்கு குறைவு என்று கண்டார்கள். பசி அதிகம், செலவு குறைவு என்றால் மிச்சம் இடுப்பில்தான் சேரும். உங்கள் வீட்டில் பகலில் இருப்பவர் மாமியார் என்பதால் இதை அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காலை இட்லியில் பாதி, பதினொரு மணி பிஸ்கட், மதியம் தயிர்சாதம் என்று பாசத்தோடு போடப்படும் கவளங்கள்தான் நம் ஊர் லேப்ரடார்களை நான்கு வயதில் நாற்பது கிலோ ஆக்குகின்றன. வளர்ந்த ஆண் லேப்ரடாருக்கு 29 முதல் 36 கிலோவும், பெண்ணுக்கு 25 முதல் 32 கிலோவும் இருந்தால் சரி. லேப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து ஆயுள் முழுவதும் கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தன் இணை தின்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் விரல் வைத்தால் எண்ணக்கூடியபடி இருக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த சாம்பார்சாதத்தை எந்த நாய்க்கும் வைக்கக் கூடாது. அவை இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. திராட்சையும் கூடாது.

நோய் என்று பார்த்தால் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டுக் கோளாறுகள் இரண்டுக்கும் பொது. கோல்டனில் புற்றுநோய் அதிகம். அதை ஆராய்வதற்காகவே அமெரிக்காவில் 2012 முதல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோல்டன்களைப் பதிவுசெய்து ஆயுள் முழுவதும் கவனித்து வருகிறார்கள். லேப்ரடாரில் சாக்லேட் நிறத்தை நாடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: பிரிட்டனில் 2018இல் வெளிவந்த ஆய்வில் மற்ற நிற லேப்ரடார்கள் நடுத்தரக் கணக்கில் 12 ஆண்டுக்குச் சற்று மேல் வாழ, சாக்லேட் நிறத்தவை 10.7 ஆண்டே வாழ்ந்தன. காது, தோல் தொல்லைகளும் அவற்றில்தான் அதிகம். மஞ்சளோ கறுப்போ போதும்.

இனி மாமியார். கோல்டனின் துள்ளல் கொஞ்சம் குறைவு என்பது இங்கே அதன் பக்கம் பேசும் ஒரே வாதம். ஆனால் முப்பது கிலோ நாய் எந்த இனமாக இருந்தாலும், ஆசையோடு பாய்ந்தால் மூட்டுவலிக்காரர் விழுந்துவிடுவார். குட்டியாக இருக்கும்போது மேலே தாவினால் கொஞ்சிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதற்கே அதட்டுவது வீண்; முதல் நாளிலிருந்தே நான்கு காலும் தரையில் இருக்கும்போது மட்டுமே தடவிக்கொடுப்பது என்று வீட்டில் அனைவரும் ஒரே பிடியாக இருக்க வேண்டும். பெண் குட்டியை நான் சொன்னதற்கும் இந்தச் சில கிலோ குறைவுதான் காரணம். கூடத்தில் டைல்ஸ் அல்லது கிரானைட் தரை இருந்தால் நாய் ஓடும் வழியில் ரப்பர் விரிப்புப் போட்டுவிடுங்கள். வழுக்குத் தரை வளரும் குட்டியின் இடுப்புக்கும் கேடு, துரத்திக்கொண்டு ஓடும் ஆறு வயதுக் குழந்தைக்கும் கேடு.

கேள்வி: எங்கள் கோல்டனுக்கு மூன்று வயது. கத்திரி வெயில் வருவதற்குள் உடம்பு முழுவதையும் மொட்டையடித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று முடிவெட்டுபவர் சொல்கிறார். செய்யலாமா? இதே யோசனையை லேப்ரடார் வைத்திருக்கும் நண்பருக்கும் சொல்லியிருக்கிறார்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு நாய்க்கும் வேண்டாம். மேல்முடி வெயில் நேராகத் தோலில் படாமல் மறைக்கிறது. அதை எடுத்துவிட்டால் தோல் கருகும், திரும்ப வளரும் முடியும் சில நாய்களில் திட்டுத்திட்டாக, பழைய தன்மை இல்லாமல் வளரும். எடுக்க வேண்டியது உதிர்ந்து உள்ளே தங்கியிருக்கும் அடிமுடியை. அதற்கென்று உள்ள அகன்ற பல் சீப்பால் வாரிவிட்டால் காற்றுப் புகும். பாதத்தின் அடி, வாலடி, வயிற்றின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களில் மட்டும் கத்தரித்துக்கொள்ளலாம்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே நடைப்பயிற்சியைச் சூரியன் ஏறுமுன் முடித்துவிடுங்கள். மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, சில நொடிகள் வைத்திருக்க முடியாவிட்டால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கட்டியாக வழிந்து, கால் தள்ளாடினால் சூடு 41ஐ நெருங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டு, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, அதன்பின் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தம்பதியர் நாங்கள், சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். நேரம் நிறைய இருப்பதால் கோல்டன் என்று முடிவு செய்துவிட்டோம். கேசிஐ சான்றிதழ் உள்ள குட்டி என்று ஒருவர் காட்டுகிறார். வேறு எதைக் கேட்க வேண்டும்? கருத்தடையை எப்போது செய்வது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: உங்களுக்குக் கோல்டன் பொருத்தமே, சீப்போடு உட்கார உங்களிடம் நேரம் இருக்கிறது. கென்னல் கிளப் ஆப் இந்தியாவின் சான்றிதழ் குட்டியின் வம்சாவளியைச் சொல்லும். அதன் இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே தாய், தந்தை இரண்டுக்கும் வளர்ந்தபின் எடுத்த இடுப்பு, முழங்கை எக்ஸ்ரேக்களைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுகிறவரிடம் வாங்க வேண்டாம். தாய் நாயை நேரில் பார்க்காமல், பேருந்து நிலையத்தில் கூடையோடு வந்து தருகிறேன் என்பவரிடம் எந்தக் காரணத்தைக் கொண்டும் வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தவறு என்பது ஒருபுறம் இருக்க, தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் அந்த வாரங்களைக் கழிக்காத குட்டி, விளையாட்டில் எவ்வளவு மெதுவாகக் கடிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வதில்லை. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போக வேண்டும்; வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். அவை முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல் கையில் தூக்கிக்கொண்டு சென்று, ஆட்டோ ஓசையையும் லிஃப்ட்டையும் பழக்குங்கள்.

கருத்தடையில் இரண்டு இனமும் ஒன்றல்ல. கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் 2014இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த லேப்ரடார்களில் மூட்டுக் கோளாறு இருமடங்கானது. கோல்டன்களில் அது நான்கைந்து மடங்கானது. எனவே கோல்டனுக்கு அவசரம் வேண்டாம். ஒரு வயதுக்குப் பின், பெண் நாயாக இருந்தால் கருப்பை நோய், மார்புக் கட்டி ஆகியவற்றின் ஆபத்தையும் எடைபோட்டு, உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என்னிடம் ஆண் லேப்ரடார் இருக்கிறது, நண்பரிடம் பெண் கோல்டன். சேர்த்தால் இரண்டின் நல்ல குணங்களும் குட்டிகளுக்கு வருமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: வரலாம், இரண்டின் குறைகளும் வரலாம். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றுவிக்கும் அமைப்புகள் பல இந்தக் கலப்பை விரும்பி வளர்க்கின்றன என்பது உண்மை. ஆனால் அவர்கள் பெற்றோரின் மூட்டு, கண், குணம் மூன்றையும் பல தலைமுறையாகப் பதிவுசெய்து தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் இரண்டு நாய்களுக்கும் எக்ஸ்ரேயும் கண் பரிசோதனையும் செய்திருக்கிறீர்களா? ஓர் ஈற்றில் எட்டுக் குட்டிகள்கூடப் பிறக்கும். கலப்புக் குட்டிக்குக் கேசிஐ சான்றிதழ் கிடைக்காது என்பதால் வாங்க வருகிறவர்கள் குறைவு. எட்டு வீடுகளை முன்கூட்டியே பேசி வைக்க முடிந்தால் மேற்கொண்டு யோசியுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.